ஆற்றங்கரை விடுதியும் ஒரு மதில் சுவரும்

மாலை ஐந்தேகாலுக்கு மாணவியர் விடுதி வராந்தாவில் கணுக்கால் அளவு தண்ணீர். வெளிச்சம் இன்னும் இருந்தது. இருநூறு மீட்டர் தள்ளி மாணவர் விடுதியின் மேல்மாடி பாதிக்கு மேல் காலி. ஆனால் பெண்பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை ஆகிவிட்டது. இருட்டில், தொடையளவு தண்ணீரில், வாலிபால் நெட் கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. இடையில் போன அந்த மூன்று மணி நேரத்தைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

நான் அந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், மாணவர் விடுதியின் துணைக் காப்பாளரும்கூட. அதனால் இதை வெளியாள் எழுதிய விசாரணை அறிக்கையாகப் படிக்க வேண்டாம். அந்த மூன்று மணி நேரத்தில் முக்கால் மணியாவது என் கணக்கில் வரும். பள்ளியின் பெயர் வேண்டாம். கடலூருக்கு வடக்கே, பெண்ணையாற்றின் தென்கரையில், பாலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே ஓர் இருபாலர் உறைவிடப் பள்ளி என்பது போதும்.

இடம்

எங்கள் பள்ளியின் கையேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஆறுதான். சாயங்கால வெயிலில் தண்ணீர், சின்னப் படகுத்துறை, அதில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பெங்களூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வரும் பெற்றோர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதி மனதைத் தீர்மானிக்கிறார்கள். மீதிப் பாதிக்கு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "பசங்களும் பொண்ணுங்களும் ஒரே கேம்பஸ்லயா?"

இருபாலர் விடுதிப் பள்ளி ஒன்றும் புதுமை இல்லை. மத்திய அரசின் நவோதயா பள்ளிகள் 1986 கல்விக் கொள்கையின் காலத்திலிருந்தே அப்படித்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் அவை இல்லை; பக்கத்துப் புதுச்சேரியில், கடலோர ஊரான காலாப்பட்டில் ஒன்று இருக்கிறது. ஆனால் தனியார் பள்ளியில் பணம் கட்டும் பெற்றோருக்கு அந்தக் கேள்வி தீராது. அதைத் தீர்க்கவே எங்கள் நிர்வாகம் வளாகத்தின் வரைபடத்தைப் போட்டது. சாலையோரம், வாசலுக்குப் பக்கத்தில், மண் அடித்து உயர்த்திய இடத்தில் இரண்டு மாடியில் மாணவர் விடுதி. நடுவில் வகுப்பறைகள். வடகிழக்கு மூலையில், ஆற்றுப் பக்கம், 'ஆம்பளை நடமாட்டம் இல்லாத' இடத்தில் மாணவியர் விடுதி, தரைத்தளம் மட்டும். அதன் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பு வழியாக ஊர்க்காரர்கள் மாடு ஓட்டிப் போவார்கள் என்பதால் எட்டடி மதில் சுவர், ஓட்டை உடைசல் இல்லாமல், நல்ல சிமெண்ட் பூச்சோடு.

ஆற்றங்கரை நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தால் ஒன்று புரியும். ஆறு வண்டல் போட்டுப் போட்டுத் தன் கரையைத்தான் முதலில் உயர்த்தும். கரை மேடு, அதன் முதுகுக்குப் பின்னால் பள்ளம். எங்கள் மாணவியர் விடுதி அந்தப் பள்ளத்தில் நின்றது. பழைய வடிகால் ஒன்று அந்த வழியாகத்தான் கிழக்கே முகத்துவாரம் பக்கம் ஓடியது. சுவர் எழுப்பியபோது அதற்கு ஒரு ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாயைப் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்றார்கள்.

சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், ஏறி இறங்கும் ஆற்றில், ஓத எல்லையிலிருந்து 100 மீட்டர், அல்லது ஆற்றின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு. 2019-இல் அந்த 100 மீட்டரை 50 ஆக்கினார்கள். எங்கள் கட்டடம் டேப் பிடித்து அளந்து 100-க்கு அப்பால் கட்டியது. டேப்பை ஆற்றின் முகப்பிலிருந்து பிடித்தார்கள். தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது.

முன்பு ஏன் தெரியவில்லை

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில்: ஒவ்வொரு முறையும் விடுதி காலியாக இருந்தது. 2004 சுனாமி டிசம்பர் 26 காலையில். எங்கள் பள்ளி அப்போது இல்லை, இருந்திருந்தாலும் அரையாண்டு விடுமுறை. 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது, அதுவும் விடுமுறை. சவுக்கு மொத்தமும் படுத்துவிட்டது, ஆனால் அறையில் ஒரு பிள்ளை இல்லை. 2015 மழையில் பள்ளிகளுக்கு நாள் கணக்கில் விடுமுறை விட்டதால் எல்லோரையும் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டோம். 2021 நவம்பரில் பெண்ணை கரை மீறியபோது கொரோனாவுக்குப் பிறகு விடுதியே முழுதாகத் திறக்கவில்லை. கட்டடம் நனைந்தது, பிள்ளைகள் நனையவில்லை. ஈரச்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு மறந்துபோனோம். நல்ல நேரம் நமக்குப் பாடம் எடுக்காது என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்வார்; அப்போது சிரித்தோம்.

ஞாயிறும் திங்களும்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஆனால் கடந்து போகவில்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. ஞாயிறு மத்தியானம் காற்று தணிந்ததும் "முடிஞ்சிடுச்சு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். நானும் வீட்டுக்கு போன் போட்டு அதையேதான் சொன்னேன்.

புயலோடு வந்த மழை உள்ளே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று கொட்டியது. எல்லாம் பெண்ணையின் நீர்ப்பிடிப்பு. திங்கள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். கன அடி என்றால் பிள்ளைகளுக்கு உறைக்காது என்று வகுப்பில் இப்படிச் சொல்வேன்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொள், வினாடிக்கு ஏறக்குறைய 400 லாரி. அந்தத் தண்ணீர் திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர் தாண்டி எங்களிடம் வர வேண்டும். வழியில் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறி வண்டிகள் நின்றன. பெற்றோர் வந்து கூட்டிப்போகும் வழி அத்தோடு அடைந்தது.

டிசம்பர் 1 அமாவாசை. கடலில் ஓதம் பெரிதாக இருக்கும் நாள். இந்தக் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம்தான், ஆனால் முகத்துவாரத்தில் புயலின் அலையும் ஓதமும் சேர்ந்து தள்ளும்போது ஆறு மெதுவாகத்தான் வடியும். காலண்டரில் இருந்த இந்த விஷயத்தை யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையே நிறைய பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தூரத்துப் பிள்ளைகள், அப்பா அம்மா வளைகுடாவில் இருப்பவர்கள். மாணவிகள் 41, மாணவர்கள் 67. ஆட்சியர் விடுமுறை அறிவித்திருந்தார். விடுதிப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் வகுப்பு இல்லை, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே வயல் பக்கமிருந்து விளையாட்டு மைதானத்துக்குள் தண்ணீர் வந்தது. ஆறு தன் பக்கத்துக் கரைக்கு இன்னும் கீழேதான் ஓடியது; மேலே எங்கோ கரையைத் தாண்டிய வெள்ளம் வயல்வழியாகச் சுற்றி வந்தது. படகுத்துறையில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த பிரின்சிபாலுக்கு முதுகில் தண்ணீர் வந்ததை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் ஓடிவந்து சொன்னான்.

மாணவியர் விடுதித் தூணில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தேன். அரை மணிக்கு நாலு விரல். அடுத்த அரை மணிக்கும் நாலு விரல். சீராக ஏறியதால்தான் யாருக்கும் பயம் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாய்ந்து வந்திருந்தால் ஓடியிருப்போம்.

ஐந்தேகாலுக்கு மாணவியர் விடுதிக் காப்பாளர் (பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்) பிரின்சிபாலிடம் போனார். "சார், பிள்ளைங்கள மேல ஏத்திடலாம்." எங்கே என்பதுதான் பிரச்சினை. வகுப்பறைக் கட்டடத்துக்கு ஒரு மாடி உண்டு, ஆனால் கழிப்பறை எல்லாம் கீழே. மெயின் போர்டும் கீழே, அதற்குள் தண்ணீர் போயிருந்தது. மாணவர் விடுதியில் மேடான தரை, மாடியில் கழிப்பறை, ஜெனரேட்டர், சமையலறை எல்லாம் இருந்தன. விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரியும் இருந்தது: மாணவியர் எக்காரணம் கொண்டும் மாணவர் விடுதிக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது, விதிவிலக்கு தேவையெனில் தாளாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

தாளாளர் சென்னையில். டவர் போயிருந்தது. பிரின்சிபால் மாடியில் ஏறி, கையை உயர்த்தி, போனை நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார். கோழை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஆண்டுவிழா ஒத்திகைக்காக ஏழு மாணவிகளை மாணவர் விடுதி வராந்தாவில் உட்கார வைத்ததற்கு ஓர் ஆசிரியை வேலையை விட வேண்டி வந்தது. பிரின்சிபாலுக்கு அது மறக்கவில்லை. எனக்கும்தான். ஆறு மணிக்கு அக்கா என்னிடம், "நீங்களாவது சொல்லுங்க சார்" என்றபோது, "அனுமதி வந்துடும், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அந்த வாய் என்னுடையது.

சட்டம் அப்படிக் கேட்டதா என்றால் இல்லை. 2014-இல் வந்த தமிழ்நாடு மகளிர் மற்றும் சிறார் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும். வெள்ளத்தில் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றாதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிர்வாகம் சட்டத்தின் பேரைச் சொல்லி அதைவிட இறுக்கமான விதி ஒன்றை எழுதிவைத்தது. காரணம் பெற்றோரின் அந்த ஒற்றைக் கேள்வி.

ஆறரைக்கு அறைகளுக்குள் தண்ணீர். மெத்தைகளை இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் ஏற்றி, அதன்மேல் பிள்ளைகளை ஏற்றினார்கள். ஏழேமுக்காலுக்கு அக்கா யாரையும் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் வந்து மாணவர் விடுதி வாசலில் நின்று, "பன்னிரண்டாம் கிளாஸ் பசங்க எல்லாம் கீழ வாங்கடா" என்று சத்தம் போட்டார்.

கயிறு

நெட் கயிறு இரண்டையும் துணி காயப்போடும் கொடியையும் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கினோம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பையன், கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நின்றான். பாதையில் நான் பயந்தது ஆழத்துக்கு இல்லை. செப்டிக் டேங்க் மூடி ஒன்று மிதந்து போயிருந்தது; கலங்கல் தண்ணீருக்கு அடியில் அந்தக் குழி எங்கே என்று தெரியாது. சமையல் மாஸ்டர் துடைப்பக் குச்சியால் தட்டித் தட்டி இடத்தைக் கண்டுபிடித்து, அந்தத் துடைப்பத்தையே நட்டு, மேலே ஒரு சிவப்பு பக்கெட்டைக் கவிழ்த்தார். அந்த இரவின் ஒரே அறிவிப்புப் பலகை அதுதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தோளில் தூக்கினோம். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு பெண் ரெக்கார்டு நோட்டைத் தலையில் வைத்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா கடைசியாக ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். "நாப்கின் சார். உங்க பில்டிங்ல இருக்கா?" இல்லை. எங்கள் பேரிடர்ப் பெட்டியில் டார்ச், பாண்டேஜ், பினாயில் எல்லாம் இருந்தன. பட்டியல் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள்.

மேல்மாடியை நடுவில் படுக்கை விரிப்புகளால் மறைத்தோம். கிழக்குப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கழிப்பறையும் பெண்களுக்கு. படிக்கட்டில் அக்காவும் சமையல் மாஸ்டரின் மனைவியும். ராத்திரி உப்புமா. பசங்கள் அன்று இருந்த அமைதியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சுவர்

விடியற்காலையில் தாழங்குடாவிலிருந்து இரண்டு பேர் ஃபைபர் படகில் வந்தார்கள். குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு எல்லாம் தண்ணீரில் என்று சொன்னார்கள். எங்களைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு அதில் பெரியவர் கேட்டார்: "என்னா வாத்தியாரே, தண்ணிய கட்டி வச்சிருக்கீங்க?"

படகில் ஏறிப் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு உள்ளே இடுப்புக்கு மேல் தண்ணீர். வெளியே சவுக்குத் தோப்பில் முழங்கால்தான். ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம். மேற்கிலிருந்து வந்த வெள்ளம் கிழக்கே போகத்தான் பார்த்தது; எட்டடி மதில் அதை ஏரிக்கரை மாதிரி தடுத்து வைத்திருந்தது. அந்த ஆறு அங்குலக் குழாயின் வாயில் ஒரு பால் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக நீரழுத்தம் நடத்துகிறேன்.

விடுதியிலிருந்து தள்ளி, தெற்கு முனையில், படகைத் தூணோடு கட்டிக்கொண்டு பெரியவர் மேல்வரிசைச் செங்கலிலிருந்து கடப்பாரையால் ஒவ்வொன்றாகத் தட்டினார். சுவர் தானாக விழுந்தால் யாரையாவது கொன்றுவிடும், அதனால் மேலிருந்துதான் பிரிக்க வேண்டும் என்றார். நீர்மட்டம் வரை இறக்கியதும் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. அப்புறம் அதுவே மிச்சத்தை அரித்துக்கொண்டது. பத்து மணிக்கு மாணவர் விடுதிப் படிக்கட்டில் மூன்று படி வெளியே தெரிந்தது.

மாணவியர் விடுதிக்குள் வந்த தண்ணீரில் பாதியாவது சுவரின் கொடை என்பது என் கணிப்பு. சாக்பீஸ் கோடுகள் ஏழரை வரை சீராக ஏறின. தோப்பின் மட்டத்தோடு நின்றிருந்தால் நாலாவது கோட்டோடு முடிந்திருக்கும், அறைக்குள் போயிருக்காது.

பெற்றோர் கூட்டம்

அடுத்த வாரம் நடந்தது. நிர்வாகம் 'எதிர்பாராத இயற்கைச் சீற்றம்' என்று ஒரு பக்கம் வாசித்தது. ஒரு அப்பா எழுந்தார். தண்ணீர் எவ்வளவு வந்தது, ஏன் லேட் ஆனது என்று கேட்பார் என நினைத்தேன். "எந்த மாடியில படுக்க வச்சீங்க? நடுவுல கதவு இருந்துதா?" என்றார். கூட்டத்தில் தலையாட்டியவர்கள் குறைவில்லை. அக்கா பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு அம்மா, "என் பொண்ணு உயிரோட வந்திருக்கா, அந்தப் பசங்க யாருன்னு காட்டுங்க, கும்பிடணும்" என்றார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்தது.

என் முடிவு இது. எங்கள் பள்ளிக்கு இரண்டு பயம் இருந்தது, தண்ணீர் ஒன்று, பசங்களும் பெண்களும் பழகுவது ஒன்று. இரண்டாவதற்கு விதி, சுவர், பதிவேடு, கட்டடத்தின் இடம் எல்லாம் இருந்தன. முதலாவதற்கு 'ஆழம், இறங்காதீர்' என்ற பலகை ஒன்று. இரண்டாவது பயத்துக்காகச் செய்த ஒவ்வொன்றும், அன்று, முதலாவதைப் பெரிதாக்கியது. சாலையிலிருந்து தள்ளி வைத்ததால் பள்ளம். பார்வையை மறைத்ததால் தேக்கம். அனுமதி கேட்டதால் இருட்டு. தாளாளரையோ பிரின்சிபாலையோ மாற்றியிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பிறகு

விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது: படகுத்துறையிலும் மாணவியர் விடுதித் தூணிலும் மஞ்சள் கோட்டைத் தண்ணீர் தொட்டால் அந்தந்தக் காப்பாளர் முடிவே முடிவு, யாரையும் கேட்க வேண்டாம். இதை வாங்க நாலு மாதம் ஆனது. தூணில் என் சாக்பீஸ் கோடுகளையே பெயிண்ட் ஆக்கினோம். மாணவியரை மாடிக் கட்டடத்துக்கு மாற்றுவது 'அடுத்த ஆண்டு' பட்டியலில் இருக்கிறது. பேரிடர்ப் பெட்டியில் நாப்கின் வந்துவிட்டது.

நீச்சல்தான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆற்றங்கரையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் எங்கள் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் கைவிரலுக்குள், பெண்களில் ஒருத்திகூட இல்லை. 2022 ஜூன் 5 அன்று இதே மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் பக்கம், கெடிலத்தில் தடுப்பணை அருகே குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். கூட்டத்தில் இதைச் சொன்னேன். நீச்சல் உடை, யார் கற்றுத்தருவது, எந்த நேரம் என்று பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. இப்போதைக்கு சுரைக்குடுக்கை மாதிரி காலி கேன் கட்டி மிதப்பதும், கயிறு வீசுவதும், மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாமல் முதலில் வாயில் மூச்சு ஊதுவதும் சொல்லிக்கொடுக்கிறோம். அக்கா சுடிதாரோடு மிதந்து காட்டினார்.

சுவரை மறுபடி கட்டியபோது அடியில் பன்னிரண்டு இடத்தில் ஓர் அடி அகலத்துக்கு வழிவிட்டு இரும்புக் கம்பி போட்டோம். 2025 அக்டோபரில், மழைக்கு முன்னால், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று ஓட்டைகளைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். சிமெண்ட் இன்னும் கருப்பாக, ஈரமாக இருந்தது. வாட்ச்மேனைக் கேட்டேன்.

"வெளியில இருந்து எட்டிப் பாக்கறாங்கன்னு கம்ப்ளைன்ட் வந்துதாம் சார். ஆபீஸ்ல சொன்னாங்க."

அந்த ஓட்டை தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறது. எட்டிப் பார்க்க வேண்டுமானால் சேற்றில் குப்புறப் படுக்க வேண்டும். ஸ்டோர் ரூமில் கடப்பாரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.